ஆயிரம் பேருக்கு ஒருவர்: நலவாழ்வுத் திட்டங்களில் ஒரு பெயரின் வரலாறு

சற்றே நீண்ட பதிவு. பொதுநலவாழ்வு, சமூகவியல், பொருளியல் பயிலும் நண்பர்கள் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

இந்தியாவின் நலவாழ்வுத் திட்ட ஆவணங்களைக் கால வரிசையில் அடுக்கி வாசிப்பவருக்கு ஓர் எண் திரும்பத் திரும்பத் தென்படும்: ஆயிரம் பேருக்கு ஒரு நலவாழ்வுப் பணியாளர். விடுதலைக்கு முன் காங்கிரசின் தேசியத் திட்டக் குழு இதைச் சொன்னது. 1977இல் ஜனதா அரசு இதையே சொன்னது. 2005இல் தேசிய ஊரக நலவாழ்வு இயக்கமும் இதையே சொன்னது. ஆட்சிகள் மாறின, பொருளாதாரக் கொள்கைகள் மாறின, எண் மாறவில்லை. அந்த ஒருவரை எந்தப் பெயரால் அழைப்பது என்பது மட்டும் மாறிக்கொண்டே வந்தது.

மொழியியல் பயின்றுவிட்டு வரலாற்று ஆவணங்களுக்குள் நுழைந்த எனக்கு அந்த எண்ணைவிட இந்தப் பெயர் மாற்றங்களே பெரிய செய்தியாகத் தோன்றுகின்றன. ஒருவரைப் பணியாளர் என்று அழைத்தால் அவருக்கு ஊதியம் தரவேண்டியவர் யார் என்ற கேள்வி உடனே எழும். தன்னார்வலர் என்று அழைத்தால் அந்தக் கேள்வியே எழாது. இந்திய நலவாழ்வுத் திட்டங்களின் கடைசிப் படியில் நிற்பவருக்கு நேர்ந்தது இதுதான். முதியோர் பராமரிப்பையும் நீண்டகால நோய்களையும் மையமாக வைத்து அடுத்த தலைமுறைக்கான திட்டங்கள் எழுதப்படும் இன்றைய நிலையில், இந்தச் சொற்களின் வரலாற்றை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது தேவை என்று கருதுகிறேன்.

தொடக்கத்திலிருந்து வருவோம். 1938இல் காங்கிரசுத் தலைவராக இருந்த சுபாஷ் சந்திர போஸ், நேருவின் தலைமையில் தேசியத் திட்டக் குழுவை அமைத்தார். அதன் நலவாழ்வுத் துணைக்குழுவுக்குத் தலைமை ஏற்றவர் பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்தின் இயக்குநராக இருந்த சாஹிப் சிங் சோக்கே. மருத்துவர்களைப் போதிய எண்ணிக்கையில் உருவாக்க நெடுங்காலம் ஆகும் என்பதை இந்தக் குழு நன்கு உணர்ந்திருந்தது. ஆகவே ஆயிரம் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில், சுகாதாரத்திலும் எளிய சிகிச்சையிலும் நடைமுறைப் பயிற்சி பெற்றவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பவேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆயிரத்துக்கு ஒருவர் என்ற கணக்கின் இந்திய வரலாறு இங்கிருந்து தொடங்குகிறது.

ஏறத்தாழ அதே காலத்தில் ஆங்கிலேய அரசும் ஒரு திட்டத்தைத் தயாரித்தது. 1943 அக்டோபரில் சர் ஜோசப் போர் தலைமையில் நலவாழ்வு ஆய்வு வளர்ச்சிக் குழு அமைக்கப்பட்டது. (பெயரைத் தமிழில் படிப்பவர்கள் யுத்தக் குழு என்று எண்ணிவிட வேண்டாம். யுத்த காலத்தில், வங்கம் பஞ்சத்தில் மடிந்துகொண்டிருந்த ஆண்டில் அமைந்த குழு என்பதால் பெயர்ப் பொருத்தம் என்னவோ தற்செயலாக அமைந்துவிட்டது.) மருத்துவ வரலாற்றறிஞர் ஹென்றி சிகரிஸ்ட் உட்பட வெளிநாட்டு வல்லுநர்கள் பலர் இந்தியாவுக்கு வந்து இக்குழுவுக்கு ஆலோசனை வழங்கினர். அறிக்கை 1946இல் வெளிவந்தது.

அறிக்கை காட்டிய நாட்டின் நிலை இது: பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 162 பேர் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தனர். சராசரி ஆயுள் சுமார் 27 ஆண்டுகள். சுமார் 6,300 பேருக்கு ஒரு மருத்துவர்; 43,000 பேருக்கு ஒரு செவிலியர். இந்த நிலையிலிருந்து எழும்புவதற்குக் குழு இரண்டு திட்டங்களை வகுத்தது. நீண்டகாலத் திட்டம் முப்பது நாற்பது ஆண்டுகளில் எட்டவேண்டியது. 10,000 முதல் 20,000 பேர் கொண்ட ஒவ்வோர் ஆரம்ப அலகுக்கும் 75 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை, அதற்கு மேல் 650 படுக்கைகளுடன் இரண்டாம் நிலை மருத்துவமனை, சுமார் 30 லட்சம் பேர் வாழும் மாவட்டத்தின் தலைமையிடத்தில் 2,500 படுக்கைகளுடன் பெரிய மருத்துவமனை. அதுவரையிலான இடைக்கால ஏற்பாடாகக் குறுகியகாலத் திட்டம்: 40,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம்.

அந்த இடைக்கால நிலையத்துக்கே குழு குறித்த பணியாளர் பட்டியலைப் பாருங்கள். இரண்டு மருத்துவர்கள், ஒரு செவிலியர், நான்கு பொதுச் சுகாதாரச் செவிலியர்கள், நான்கு பேறுகாலப் பணியாளர்கள், பயிற்சி பெற்ற நான்கு நாட்டு மருத்துவச்சிகள், இரண்டு சுகாதார ஆய்வாளர்கள், இரண்டு சுகாதார உதவியாளர்கள், ஒரு மருந்தாளுநர், இவர்களுடன் கடைநிலைப் பணியாளர்கள் 15 பேர். காலங்காலமாக ஊரில் பிரசவம் பார்த்துவந்த மருத்துவச்சியும் இந்தப் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். தன்னார்வலர்களுக்கும் இந்த அறிக்கையில் இடம் உண்டு. ஊர்தோறும் ஐந்து முதல் ஏழு பேர் கொண்ட கிராம நலவாழ்வுக் குழு அமையவேண்டும் என்றும், அவர்கள் விருப்பத்தின் பேரில் செயல்படவேண்டும் என்றும் அது கூறியது. அதாவது கலந்து பேசுவதற்கும் ஊரைத் திரட்டுவதற்கும் தன்னார்வலர். அன்றாட உழைப்புக்குச் சம்பளப் பணியாளர். 1946இன் ஆவணத்தில் இந்த எல்லைக்கோடு தெளிவாக இருந்தது. பிற்காலத்தில் அழிந்துபோனது இந்தக் கோடு.

விடுதலைக்குப் பின் நடந்தது பலரும் அறிந்ததே. 1952 அக்டோபர் 2 அன்று தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்துடன் ஆரம்ப சுகாதார நிலையங்களும் வந்தன. வட்டாரத்துக்கு ஒன்று என்பது கணக்கு. வட்டாரம் ஒவ்வொன்றிலும் 60,000 முதல் ஒரு லட்சம் பேர் வரை இருந்தனர். போர் குழு இடைக்காலத்துக்கென்று குறித்த பணியாளர் பட்டியலும் சுருங்கி, ஒரு மருத்துவரும் சில துணைப் பணியாளர்களுமாக நின்றது. போர் குழுவில் உறுப்பினராக இருந்த ஆ. லட்சுமணசாமி முதலியாரின் தலைமையில் 1959இல் இன்னொரு குழு அமைக்கப்பட்டது. 1961இல் நிறைவுற்ற அதன் அறிக்கை, புதிய நிலையங்களைத் திறந்துகொண்டே போவதைவிட இருப்பவற்றைப் பலப்படுத்துங்கள் என்றது. ஒரு நிலையத்தின் பொறுப்பு 40,000 பேரைத் தாண்டக்கூடாது என்றது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இடைக்கால ஏற்பாடாக எழுதப்பட்ட எண், இப்போது எட்டவேண்டிய இலக்காக மாறியிருந்தது. நீண்டகாலத் திட்டம் கொள்கை விவாதத்திலிருந்தே மெல்ல நழுவியது. இன்றும் சமவெளிப் பகுதிகளில் 30,000 பேருக்கு ஒரு நிலையம் என்பதே அளவுகோல்; அங்கே இருக்கும் படுக்கைகள் பெரும்பாலும் ஆறு.

அடுத்த பத்தாண்டுகளில் கிராமங்களை ஆண்டவை தனித்தனி நோய்த் திட்டங்கள். மலேரியாவுக்கு ஒருவர், அம்மைக்கு ஒருவர், குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஒருவர் என்று ஒரே வீட்டுக் கதவைப் பலர் தட்டினர். 1973இல் கர்த்தார் சிங் குழு இவர்களை ஒன்றாக்கிப் பல்நோக்குப் பணியாளர் என்ற பெயரைத் தந்தது. துணைச் செவிலியர்கள் பெண் சுகாதாரப் பணியாளர்களாகவும், மேற்பார்வை செய்த பெண்கள் பெண் சுகாதார மேற்பார்வையாளர்களாகவும் பெயர் மாறினர். இந்தப் பெயர் மாற்றத்தில் ஒரு நேர்மை இருந்தது. பணி விரிந்தது, பெயர் விரிந்தது. பணியாளர் என்ற தகுதி பறிபோகவில்லை.

திருப்பம் 1975இல் வந்தது. மருத்துவக் கல்வி பற்றி ஆராய்ந்த ஸ்ரீவாஸ்தவ் குழு, ஆசிரியர், அஞ்சல் பணியாளர் போன்ற ஊர்க்காரர்களையே பகுதிநேரமாக நலவாழ்வுப் பணிக்குப் பயிற்றுவிக்கலாம் என்றது. இதன் அடிப்படையில் 1977 அக்டோபர் 2 அன்று, ராஜ் நாராயண் நலவாழ்வு அமைச்சராக இருந்தபோது, சமுதாய நலவாழ்வுப் பணியாளர் திட்டம் தொடங்கியது. ஆயிரம் பேருக்கு ஒருவர், தேர்ந்தெடுப்பது ஊர், பயிற்சி மூன்று மாதம், கையில் ஒரு மருந்துப் பெட்டி, மாதம் 50 ரூபாய் மதிப்பூதியம். தொடக்கத்தில் அவர் பெயரில் பணியாளர் என்ற சொல் இருந்தது. சில ஆண்டுகளிலேயே அது சமுதாய நலவாழ்வுத் தன்னார்வலர் ஆயிற்று. 1981இல் மீண்டும் மாறி, கிராம நலவாழ்வு வழிகாட்டி ஆயிற்று. பணியாளர், தன்னார்வலர், வழிகாட்டி: நான்கே ஆண்டுகளில் ஒரே மனிதருக்கு மூன்று பெயர்கள். அவர் செய்த வேலையில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. 50 ரூபாயும் பல்லாண்டுகள் அப்படியே நின்றது. அரசுக்கும் அவருக்கும் இடையிலான பந்தம் மட்டும் ஒவ்வொரு பெயரிலும் ஒரு சுற்று தளர்ந்தது.

மதிப்பூதியம் என்ற சொல்லையும் இங்கே நின்று கவனிக்கலாம். ஊதியம் என்பதற்கு முன்னால் மதிப்பு என்ற சொல் சேர்ந்தவுடன் தொகை பெருகும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். நடைமுறையில் மதிப்பு சேரச் சேர ஊதியம் சுருங்குகிறது. தன்னார்வலர் என்ற சொல்லின் கட்டமைப்பும் அத்தகையதே. வேலைக்கான காரணத்தை அது உழைப்பவரின் உள்ளத்தில் கொண்டுபோய் வைத்துவிடுகிறது. தன் ஆர்வத்தால் வந்தவருக்கு யாரும் கடன்பட்டவர் அல்லர்.

இருபதாண்டுகள் கழித்து, புதிதாக உருவான சத்தீஸ்கர் மாநிலத்தில் 2002இல் மிதானின் திட்டம் தொடங்கியது. சத்தீஸ்கரி வழக்கில் மிதானின் என்பது சடங்கு செய்து பிணைத்துக்கொண்ட ஆயுள்காலத் தோழியைக் குறிக்கும். அந்த மண்ணின் உறவுமுறையிலிருந்து எடுத்த சொல். ஊர்ப் பெண்கள் அந்தப் பெயரைத் தமதாக ஏற்றதில் வியப்பில்லை. 2005 ஏப்ரலில் நாடு தழுவிய ஊரக நலவாழ்வு இயக்கம் வந்தபோது இந்த அனுபவமும் அதற்கு ஒரு முன்மாதிரியாக அமைந்தது. ஆனால் பெயர் வேறு வழியில் உருவாக்கப்பட்டது. அங்கீகாரம் பெற்ற சமூக நலவாழ்வுச் செயற்பாட்டாளர் என்று பொருள்படும் ஓர் ஆங்கிலத் தொடரைக் கோத்து, அதன் முதலெழுத்துகள் ஆஷா என்று அமையுமாறு செய்தனர். ஆஷா என்றால் நம்பிக்கை. பணியாளர் என்ற சொல் அத்தொடரின் எந்த இடத்திலும் இல்லை. செயற்பாட்டாளர் என்பது போராட்டக் களத்துச் சொல். அதற்குச் சம்பளப் பட்டியல் கிடையாது. மாதச் சம்பளத்துக்குப் பதிலாக, செய்யும் வேலை ஒவ்வொன்றுக்கும் ஊக்கத்தொகை என்ற முறை வந்தது. மருத்துவமனைப் பிரசவத்துக்கு இவ்வளவு, தடுப்பூசிக்கு இவ்வளவு என்று பட்டியல் நீண்டது. வழக்கமான மாதப் பணிகளுக்கு மத்திய அரசு தந்த தொகை 2018இல்தான் 1,000 ரூபாயிலிருந்து 2,000 ஆனது.

இந்தப் பெண்களின் உழைப்பு எதைச் சாதித்தது என்பதற்கு ஒரு கணக்கு போதும். தேசியக் குடும்பநல ஆய்வின்படி 2005-06இல் பிரசவங்களில் 38.7 விழுக்காடு மட்டுமே மருத்துவ நிலையங்களில் நடந்தன. 2019-21இல் அது 88.6 விழுக்காடு. சாலைகள், 108 வாகனங்கள், பணஉதவித் திட்டங்கள், பெண் கல்வி எனக் காரணங்கள் பல உண்டு. ஆயினும் நள்ளிரவில் வலி எடுத்தவளின் வீட்டுக்கு வந்து வண்டியில் உடன் ஏறிய பெண்ணை விலக்கிவிட்டு இந்தக் கணக்கைச் சொல்ல முடியாது. கொரோனா காலத்தில் வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்தவரும் அவரே. 2022 மே மாதம் உலகச் சுகாதார நிறுவனம் இந்தியாவின் பத்து லட்சம் ஆஷாக்களுக்கு உலக நலவாழ்வுத் தலைவர்கள் விருதை வழங்கியது. உலகம் அவர்களைத் தலைவர்கள் என்றது; உள்நாட்டு விதிகளில் அவர்கள் தொழிலாளர்களாகக்கூட ஆகவில்லை.

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு. அதை எளிதில் ஒதுக்க முடியாது. மகாராஷ்டிரத்தின் ஜாம்கேட் பகுதியில் ரஜனிகாந்த் ஆரோளேயும் மேபெல் ஆரோளேயும் 1970இல் தொடங்கிய பணி உலகப் புகழ் பெற்றது. எழுத்தறியாத, பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த பெண்கள் அங்கே கிராம நலவாழ்வுப் பணியை ஏற்று ஊரையே மாற்றினர். அவர்களின் வலிமை ஊரின் நம்பிக்கையிலிருந்து வந்தது, அரசாணையிலிருந்து வரவில்லை. கிராமப் பணியாளர் ஊரின் விடுதலையாளரா, அமைப்பின் ஏவலாளரா என்று டேவிட் வெர்னர் 1970களில் எழுப்பிய கேள்வியும் இதையொட்டியதே. சம்பளப் பட்டியலில் சேர்ந்தால் அவள் மேலதிகாரிக்குப் பதில் சொல்வாள், ஊருக்குச் சொல்லமாட்டாள் என்பது இந்த வாதத்தின் சாரம்.

இந்தக் கவலை நியாயமானது. ஆனால் இன்றைய ஆஷா யாருக்குப் பதில் சொல்கிறார்? அவரது பதிவேடுகள், இலக்குகள், கைபேசிச் செயலிகள் அனைத்தும் மேலிருந்து வருபவை. ஊழியருக்குரிய கட்டுப்பாடுகள் எல்லாம் அவருக்கு உண்டு. ஊழியருக்குரிய பாதுகாப்பு மட்டும் இல்லை. ஜாம்கேட்டின் தன்னார்வம் அரசு அமைப்புக்குள் வந்து சேர்ந்தபோது, அதன் சுதந்திரம் வெளியே நின்றுவிட்டது. கூலியின்மை மட்டும் உள்ளே வந்தது.

சட்டத்தின் மொழி சற்று முன்னே நகர்ந்திருக்கிறது. 2013இல் நடந்த 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, இத்தகைய திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக ஏற்றுக் குறைந்தபட்சக் கூலி தரவேண்டும் என்று பரிந்துரைத்தது. 2022 ஏப்ரலில் அங்கன்வாடிப் பணியாளர்களின் பணிக்கொடை வழக்கில் உச்ச நீதிமன்றம், அவர்கள் பெறும் மதிப்பூதியமும் சட்டத்தின் பார்வையில் ஊதியமே என்று கூறியது. ஒரு சொல்லின் பொருளை நீதிமன்றம் திருத்தி எழுதிய இந்தத் தீர்ப்பைச் சொற்பொருளியல் வகுப்பிலும் பாடமாக வைக்கலாம். ஆயினும் அது அங்கன்வாடிக்கும் பணிக்கொடைக்கும் உரிய தீர்ப்பு. ஆஷாவின் பெயர்ச் சிக்கல் அப்படியே நிற்கிறது.

இப்போது எதிர்காலத்துக்கு வருவோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே 60 வயதைக் கடந்தோர் பத்துக் கோடிக்கு மேல் இருந்தனர். நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐந்தில் ஒருவர் அந்த வயதினராக இருப்பார் என்று கணிப்புகள் கூறுகின்றன. இதுவரையிலான திட்டங்கள் பிரசவம், தடுப்பூசி, காய்ச்சல் என்று தொடங்கி முடியும் நிகழ்வுகளைச் சுற்றி எழுதப்பட்டவை. பக்கவாதத்தில் கிடப்பவருக்கும் நினைவு தப்பிய முதியவருக்கும் வேண்டியது முடிவில்லாத அன்றாடப் பராமரிப்பு. அதை நிகழ்வுக்கு இவ்வளவு என்று விலை வைத்துக் கணக்கிட இயலாது. படுக்கைப்புண்ணைத் துடைத்துக் கட்டுப்போடுவதற்கு எத்தனை ஊக்கத்தொகை?

மாநிலங்கள் வழி தேடத் தொடங்கியுள்ளன. 2008இல் நாட்டிலேயே முதலாவதாக வலிதணிப்புப் பராமரிப்புக் கொள்கையை வகுத்த கேரளத்தில், உள்ளாட்சி அமைப்புகளின் நிதியில் செவிலியர்கள் வீடு தேடிச் செல்கின்றனர். அவர்களோடு ஊர்த் தன்னார்வலர்களும் செல்கின்றனர். தொழில்முறைப் பராமரிப்புக்குச் செவிலியர், துணைக்கும் பேச்சுக்கும் அண்டை வீட்டார் என்ற இந்தப் பிரிவினை, போர் குழு வரைந்த பழைய கோட்டை நினைவூட்டுகிறது. அதே கேரளத்தில்தான் 2025 பிப்ரவரியில் ஆஷாக்கள் தலைமைச் செயலகத்தின் முன் அமர்ந்து மதிப்பூதிய உயர்வு கேட்டு மாதக்கணக்கில் போராடினர் என்பதையும் மறைக்கக்கூடாது. தமிழ்நாடு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், இரத்த அழுத்தம், நீரிழிவுக்கான மருந்துகளையும் இயன்முறைச் சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுசெல்கிறது, நோக்கத்தில் பாராட்டுக்குரியது. அங்கே மருந்துப் பையுடன் படியேறும் பெண்ணின் பதவிப் பெயர் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர். 1977க்குப் பின் பிறந்த அதே சொல், இம்முறை நல்ல தமிழில்.

எண்கள் எளிதில் வாழ்கின்றன. 40,000 என்ற எண்ணும், ஆயிரத்துக்கு ஒருவர் என்ற எண்ணும் குழுக்களைத் தாண்டி, ஆட்சிகளைத் தாண்டி வாழ்ந்தன. அவற்றோடு சேர்ந்து எழுதப்பட்ட ஆட்களும் சம்பளமும் வழியிலேயே உதிர்ந்தன. எனவே இனிவரும் எந்த நலவாழ்வுத் திட்டத்தையும் ஆராயும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எத்தனை நிலையங்கள், எத்தனை கோடி ரூபாய் என்ற அட்டவணையைப் பார்த்துவிட்டு, கடைசிப் படியில் நிற்பவரை அந்த ஆவணம் என்ன பெயரால் அழைக்கிறது என்று தேடுங்கள். பராமரிப்பு வழங்கப்படும் என்று செயப்பாட்டு வினையில் முடியும் வாக்கியங்கள் ஒவ்வொன்றிலும், வழங்குபவர் யார், அவருக்கு வழங்குபவர் யார் என்ற இரண்டு எழுவாய்களையும் கேளுங்கள். விடை கிடைக்காத வாக்கியங்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், அந்தத் திட்டம் யாருடைய முதுகின் மேல் எழுதப்பட்டது என்பது விளங்கும்.

உங்கள் மாநிலங்களின் ஆவணங்களில், அந்தந்த மொழிகளில், இவர்களுக்கு வழங்கும் பெயர்களை அறிந்தவர்கள் பின்னூட்டத்தில் எழுதுங்கள். ஒடியாவிலும் அசாமியிலும் மலையாளத்திலும் இந்தச் சொற்கள் எப்படி மாறின என்பதை ஒன்றுசேர்த்துப் பார்க்க விரும்புகிறேன்.